இரண்டு பட்டியல், நாற்பத்து மூன்று பெயர்

மார்ச் மாதம் ஐந்தாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி பதினெட்டு நிமிடம். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. காற்று இல்லை, அலுவலக வாசலில் நிற்கும் புங்க மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பெயர் சேர்க்கக் கடைசி நாள் 12, புதன், மாலை 5 மணி. இன்றோடு சேர்த்து 8 நாள்."

அந்த எட்டு நாளைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வாக்காளர் பட்டியல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் மூன்று பேர், படிவமும் செயலியும் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள், வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஒரு முழுக் கொட்டாயை நான் எப்படிப் பட்டியலிலிருந்து காணாமல் செய்தேன் என்பதைச் சொல்கிறேன். ஊர் பெயரையும் தாலுகா பெயரையும் சொல்லப் போவதில்லை. தருமபுரி மாவட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சொன்னால் உங்களில் யாராவது போய் விசாரிப்பீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் கட்டாயம் விசாரிப்பேன்.

நான் அப்போது தேர்தல் துணை வட்டாட்சியர். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு, அதில் தேர்தல் பிரிவில் மட்டும் பதினொன்று. என் மேசைக்கு வரும் எந்தத் தாளையும் எண்ணாமல் நகர்த்தியதில்லை. எண்ணுகிற ஆளை ஏமாற்ற முடியாது என்று நினைத்திருந்தேன்.

அன்று காலை நான்கு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் மாதையன், அறுபது வயது இருக்கும், விவசாயி. கையில் ஒரு துணிக்கடைப் பை. நான் உட்காரச் சொல்வதற்குள் பையை என் மேசைமேல் கவிழ்த்தார். அத்தனையும் வாக்காளர் அடையாள அட்டை.

"சார், எங்க கொட்டாய்ல ஒருத்தர் பேரும் லிஸ்ட்டுல இல்லீங்க."

"ஒருத்தர் பேருமா?"

"ஒருத்தர் பேரும் இல்லீங்க. கட்சிக்காரங்க லிஸ்ட்ட வெச்சுக்கிட்டு வூடு வூடா வந்தாங்க. எங்க கொட்டாய் வந்ததும் 'உங்களுக்கு ஓட்டே இல்லியே'ன்னுட்டு, ஊத்தி வெச்ச டீயக்கூட குடிக்காம போயிட்டாங்க."

கொட்டாய் என்றால் வெளி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் ஊருக்குள் ஒரு வீடு இருக்கும். ஊரைத் தாண்டி நிலத்திலேயே இன்னொரு வீடு இருக்கும். அப்படி நிலத்தில் கட்டிய பத்துப் பன்னிரண்டு பங்காளி வீடுகள் சேர்ந்தது ஒரு கொட்டாய். மாதையனின் கொட்டாய் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர், நடுவில் ஓர் ஓடை. ஊருக்கு ஒரு வாக்குச்சாவடி. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொட்டாய்களுக்கெல்லாம் வேறொரு வாக்குச்சாவடி. ஆக இரண்டு பாகம், இரண்டு பட்டியல்.

அட்டைகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்று. எல்லாம் ஊர் முகவரி.

தேர்தல் நேரம். ஒரே பை. நாற்பத்து மூன்று பேருடைய அட்டை. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நான் அதைத்தான் நினைத்தேன்.

"அட்டைய யாரு ஒண்ணா சேர்த்தது?"

"நாந்தாங்க. புளி உலுக்கற நேரம். ஆளாளுக்கு பஸ் ஏறி வர முடியுங்களா?"

"யாராவது வாங்கிட்டு வரச் சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும்? எங்க ஓட்டு எங்களுக்கு வேணும்னு நாங்களே வரக் கூடாதுங்களா?"

கூட வந்த பெண் ஒருத்தி பேச்சில் புகுந்தாள். சாலம்மா என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

"ஏஞ்சார், எப்ப எழுதிக்குவீங்க? ஞாயித்துக்கெழம நாங்க ஏழு பேரு மொளகு பறிக்கக் காப்பித் தோட்டத்துக்குப் போறோம். மேஸ்திரி லாரி அனுப்பறாரு. அதுக்குள்ள எழுதிக்குங்க சார்."

நான் நாட்குறிப்பில் எழுதினேன்: "அவசரப்படுத்துகிறார்கள்."

அன்றே நாற்பத்து மூன்று படிவம் கொடுத்து, உட்கார வைத்து எழுதி வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் பையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ரசீது எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை படிவம் வாங்க முடியாது என்றேன். மற்றவருடைய அட்டைகளை நான் பூட்டி வைக்க எந்த விதியிலும் இடமில்லை. அது அப்போது என் தலையில் ஏறவில்லை. ரசீது சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் இரண்டு தரம் பார்த்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை, கணினியில் ஊர்ப் பாகத்தைத் திறந்தேன். அட்டையில் ஊர் முகவரி இருந்ததால் அதைத் திறந்தேன். கொட்டாய்ப் பாகத்தைத் திறக்க வேண்டும் என்று தோன்றவில்லை. நாற்பத்து மூன்று பேரும் ஒரே நாளில் நீக்கப்பட்டிருந்தார்கள். காரணம்: இடம் மாறியவர். பரிந்துரை செய்தவர் அந்தப் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர் ஜெயந்தி.

ஒரே கை, ஒரே நாள், ஒரே காரணம். அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டு, அந்தம்மா யார் என்று கேட்டேன். "அவங்க வூட்டுக்காரரு கட்சிக் கிளைச் செயலாளருங்க" என்றான். கொட்டாய்க்காரர்கள் எந்தக் கட்சி என்று கேட்டேன். வேறு கட்சி என்றான். பத்து நிமிடத்தில் என் மனதில் வழக்கு முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு ஜெயந்தி வந்தார். குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு போட வேண்டும், ஒரு மணிக்குள் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் எந்தக் கட்சி?"

"அவரு எந்தக் கட்சியா இருந்தா என்னாங்க சார்? வேலை பாக்கறது நான்."

"நாப்பத்து மூணு பேரை எதுக்கு நீக்கினீங்க?"

"ஊர் வூட்டுல அவங்க இல்லீங்க. கொட்டாய்லதான் இருக்காங்க. அப்படித்தான் எழுதிக் குடுத்தேன்."

"யார் சொல்லி எழுதினீங்க?"

"லிஸ்ட்டு வந்துச்சுங்க."

"எங்கருந்து?"

"ஆபீஸ்ல இருந்துதாங்க."

"எந்த ஆபீஸ்?"

அவர் என் மேசையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த ஆபீஸ்தாங்க சார்."

நான் எழுதினேன்: "மழுப்புகிறார்."

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று கேட்கலாம். பட்டியல் போட்டவருக்கு அது ஞாபகம் இருக்காதா? இருக்காது. அதற்கு முந்தைய ஆனி, ஆடி மாதங்களில் வீடு வீடாகச் சரிபார்க்கும் வேலை நடந்தது. இரண்டு பாகத்தில் இருக்கும் பெயர்களைப் பொறுக்கி நான் போட்ட பட்டியல்கள் மட்டும் ஐம்பத்தெட்டு. எண்ணிக்கை ஞாபகம் இருந்தது. உள்ளே யார் யார் என்பது ஞாபகம் இல்லை. ஆனாலும் ஜெயந்தி சொன்னதும் எழுந்து போய்க் கோப்பை எடுத்துப் பார்த்திருக்கலாம். கோப்பு இருந்த அலமாரிக்கும் என் நாற்காலிக்கும் ஏழு அடி. நான் எழவில்லை. எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்துவிட்ட பிறகு அவர் சொல்வதைச் சரிபார்க்க யாருக்கும் கால் எழாது.

சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ரகசிய விசாரணை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். டீக்கடையில் உட்கார்ந்து, புளி வியாபாரி மாதிரி, இந்த வருடம் புளி எப்படி என்று கேட்டேன்.

"புளி நல்லாத்தான் இருக்குது. சார் ரெவின்யூவா?" என்றார் கடைக்காரர்.

"ஏன் கேக்கறீங்க?"

"புளி யாவாரி பெஞ்சு தொடைச்சிட்டு உக்கார மாட்டாங்க சார்."

கடையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கொட்டாய்க்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஏதாவது தகராறு உண்டா என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"தகராறுன்னா... போன ஆடியில மாவெளக்கு யாரு மொதல்ல எடுக்கறதுன்னு ஒரு தள்ளுமுள்ளு. அது வருசா வருசம் நடக்கறதுதான். எட்டு நாளும் கொட்டாய்க்காரங்க இங்கதான் கெடந்தாங்க. சண்டையும் போட்டாங்க, கூழும் குடிச்சாங்க, போய்ச் சேர்ந்தாங்க."

நான் நாட்குறிப்பில் "ஆடியில் சண்டை" என்று மட்டும் எழுதினேன். மற்றதெல்லாம் காதில் விழுந்தது, கைக்கு வரவில்லை. எனக்குத் தேவையான விடை முழுவதும் அந்த ஒரு வாய்ப் பேச்சில் இருந்தது. அதில் என் சந்தேகத்துக்குத் தீனி ஆன ஒரு சொல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டு வண்டி ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். நான்கு பக்கம், பதினொரு குறிப்பு. அரசியல் உள்நோக்கம், முன்விரோதம், அட்டைகளை மொத்தமாகத் திரட்டியது, விசாரணையில் மழுப்பல். படிக்கப் படிக்க எனக்கே நன்றாக இருந்தது. ஜெயந்தியைப் பணியிலிருந்து நீக்கப் பரிந்துரை செய்து முடித்தபோது மாலை மணி நான்கு. அதே நான்கு மணிக்குத்தான் கொட்டாய் முனையில் வந்து நின்ற லாரியில் சாலம்மாவும் மற்ற ஆறு பேரும் ஏறினார்கள். அது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

திங்கட்கிழமை காலை அறிக்கையை வட்டாட்சியரிடம் வைக்கப் போனேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், குறைவாகப் பேசும் அம்மா. புரட்டிப் பார்த்துவிட்டு, "கொட்டாய்க்குப் போய் ஒரு வாக்குமூலம் வாங்கிடுங்க. அது இல்லாம அனுப்ப முடியாது" என்றார். எரிச்சலோடு கிளம்பினேன். ஜெயந்தியையும் வரச் சொன்னேன். ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஆசிரியர்தான் கொட்டாய்ப் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலர். இடம் மாறியவர்களை அவர் ஏன் தன் பாகத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பன்னிரண்டாவது குறிப்பாகச் சேர்க்கலாம் என்று அவரையும் வரச் சொன்னேன்.

கொட்டாய் வாசலில் புளி காய்ந்துகொண்டிருந்தது. மாதையன் ஒரு கட்டிலை இழுத்துப் போட்டார். அவர் மனைவி புளியில் ஓடு தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

ஆசிரியரிடம் கேட்டேன், "இவங்கள நீங்க ஏன் சேர்க்கலை?"

"சேர்க்கறதா? என் பாகத்துலயும் இவங்க பேரு ஏற்கெனவே இருந்துச்சே சார். நான் நீக்கினேன்."

"எதுக்கு நீக்கினீங்க?"

"நீங்கதான் லிஸ்ட்டு குடுத்தீங்க."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதே நேரம் ஜெயந்தியும் தன் நோட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். இரண்டும் ஒரே பட்டியலின் நகல். தலைப்பு: இரட்டைப் பதிவு, விசாரித்து நீக்குக. கீழே என் சுருக்கொப்பம். நாற்பத்து மூன்று பெயர்.

"எங்க வெச்சுக்கணும், எங்க எடுக்கணும்னு அதுல இல்லீங்க சார்" என்றார் ஜெயந்தி. "நான் ஆனி மாசம் போனேன். ஊர் வூடு எல்லாம் பூட்டு. பக்கத்துல கேட்டேன், கடலை வெதைக்கக் கொட்டாய்க்குப் போயிட்டாங்கன்னாங்க. கொட்டாய்ப் பட்டியல்ல இருக்குமேன்னு நான் எடுத்துட்டேன்."

ஆசிரியர் தன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "நான் மூணு தடவை வந்தேன் சார். மூணு தேதியும் இருக்கு பாருங்க. மூணு தடவையும் ஒரு ஆள் இல்லை. மாடுகூட இல்லை. ஆடு மட்டும் ரெண்டு நின்னுச்சு. வழியில கேட்டா ஊர் வூட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. ஊர்ப் பட்டியல்ல இருக்குமேன்னு நான் எடுத்துட்டேன்."

மாதையனின் மனைவி தலை நிமிராமல் கேட்டார், "என்னிக்குங்க வாத்தியாரே வந்தீங்க?"

ஆசிரியர் மூன்று தேதியையும் படித்தார். ஆடி மாதத்தில் ஒரே வாரத்துக்குள் மூன்றும்.

அந்தம்மா புளியைக் கீழே வைத்தார். "மாரியம்மனுக்குக் காப்பு கட்டிட்டா கொட்டாய்ல யாருங்க சார் படுப்பாங்க? கூழு ஊத்தி முடியற வரைக்கும் எல்லையத் தாண்டக் கூடாதில்ல? எட்டு நாளும் மாடு கன்னோட ஊர்லதான் இருந்தோம். இது சின்னக் கொழந்தைக்கும் தெரியுமே."

எனக்கும் தெரியும். என் ஊரிலும் அதே காப்பு, அதே எல்லை. நான் சின்ன வயதில் காப்பு கட்டிய பிறகு பொம்மிடிக்குப் போய் ரயில் பார்த்துவிட்டு வந்ததற்கு அடி வாங்கியவன்.

"பேரை நீக்கப் போறோம்னு கதவுல நோட்டீஸ் ஒட்டினோமே, அதையாவது பாத்திருக்கலாமே" என்று கேட்டேன். அந்த நிலையிலும் யார் மேலாவது போட முடியுமா என்று பார்க்கிறேன், கவனியுங்கள்.

"மைதாப் பசையில ஒட்டினா ஆடு உடுங்களா?" என்றார் மாதையன்.

நான் அங்கேயே உட்கார்ந்து என் பழைய நாட்குறிப்பை மனதுக்குள் புரட்டினேன். முதல் பட்டியல் ஜெயந்தியிடமிருந்து என் மேசைக்குத் திரும்பி வந்தது. மூன்று வாரம் கழித்து ஆசிரியரிடமிருந்து இரண்டாவது வந்தது. நான் எண்ணினேன். அங்கே நாற்பத்து மூன்று, இங்கே நாற்பத்து மூன்று. எண்ணிக்கை ஒத்துப்போகிறது என்று மகிழ்ந்து "சரி" என்று எழுதி மேலே அனுப்பினேன். அந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கவே கூடாது. ஓரிடத்தில் நாற்பத்து மூன்று போனால் மற்ற இடத்தில் பூஜ்யம் வர வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டு எண்ணியவனுக்கு அது உறைக்கவில்லை. ஒத்துப்போன எண்ணைக் கண்டால் எனக்கு எப்போதும் மனம் குளிர்ந்துவிடும். அதுதான் என் குறை.

ஜெயந்தி கேட்டார். "எங்க வூட்டுக்காரரு கட்சிப் பேரு முழுசா வேணுங்களா சார்? எழுதிக்கறீங்களா?"

மணி பார்த்தேன். பதினொன்று ஐம்பது. எட்டு நாளில் ஐந்து முழு நாளும் ஆறாவது நாளின் முற்பகலும் போய்விட்டன.

அதற்குப் பிறகு நடந்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெயந்தியும் ஆசிரியரும் நானும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து படிவம் எழுதினோம். மொரப்பூரிலிருந்து புகைப்படக்காரரை வரவழைத்தோம். மாட்டுக் கொட்டகைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி எல்லாரையும் படம் எடுத்தார். பீரோவில் பூட்டிய பையை நானே கொண்டுவந்து, ஒவ்வொருவர் கையிலும் அவரவர் அட்டையைக் கொடுத்தேன். லாரியில் போன ஏழு பேருடையதை மாதையனிடம் கொடுத்தேன். வாங்கிய ஒவ்வொருவரும் இது தன்னுடையதுதானா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். என்னிடமிருந்து வாங்கும் எதையும் அவர்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை பகல் மூன்று நாற்பதுக்குள் முப்பத்தாறு படிவம் அலுவலகத்தில் பதிவாகிவிட்டன. மீதி ஏழு.

ஏழு பேரும் சிக்மகளூர்ப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில். ஜெயந்தி திங்கட்கிழமையிலிருந்து சாலம்மாவின் எண்ணுக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். தோட்டத்தில் சிக்னல் இல்லை. மேஸ்திரி ஒரு தரம் எடுத்தார், "அங்கிருந்து கீழ எறங்கவே ஒரு நாள் ஆகும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான்கு மணிக்கு மாதையன் என் மேசைக்கு அருகில் வந்து குனிந்து மெதுவாகச் சொன்னார். "சார், பாரத்துல வெரல்தானே வெக்கணும். போட்டோவும் கொட்டாய்ல கெடக்குது. ஏழு பேருக்கும் நான் வெச்சிர்றேன். யாருக்குத் தெரியப்போவுது? நீங்க செஞ்ச தப்புதானே, நீங்களே சரி பண்ணிக்குங்க."

உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், நான் மை டப்பாவைப் பார்த்தேன். ஏழு பேரும் இருக்கிறார்கள், உண்மையான வாக்காளர்கள், அவர்கள் பெயர் போனது என்னால். இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி. இந்த வேலையில் மிகவும் ஆபத்தான பொய் இதுதான். நியாயமான காரணத்துக்காகச் சொல்லும் பொய். இன்று மாதையன் ஏழு பேருக்கு வைத்தால், நாளை வேறொருவர் வேறொரு கொட்டாய்க்கு எழுபது பேருக்கு வைப்பார். அவரிடமும் ஒரு நியாயம் இருக்கும். வேண்டாம் என்றேன்.

"அப்ப அந்த ஏழு ஓட்டு?"

"போச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போனார். ஐந்து மணி வரை நான் ஏழு வெற்றுப் படிவங்களை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாக்குப்பதிவு நாளில் அந்தப் பக்கத்து வாக்குச்சாவடிகளைச் சுற்றிப் பார்க்கும் மண்டலப் பணி எனக்கு. காலை எட்டேகாலுக்கு ஊர் வாக்குச்சாவடி வாசலில் சாலம்மா நின்றாள். மற்ற ஆறு பேர் வரவில்லை. இவள் மட்டும் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கொட்டாயிலிருந்து அவள் அட்டையைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். உள்ளே பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் நேரே வந்தாள். "சார், எல்லாருக்கும் எழுதினீங்களாமே."

"முப்பத்தாறு பேருக்கு."

"நான் அன்னைக்கே கேட்டனே சார். ஞாயித்துக்கெழமன்னு சொன்னனே."

"சொன்னே."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஓட்டு போனா போவுது சார். மை வெக்காத இந்த வெரல வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள எப்புடிப் போறது? பணம் வாங்கிட்டு வூட்டுலயே படுத்துட்டான்னுதான் சொல்லுவாங்க. நாலு பேரு முன்னாடி நீங்க வந்து சொல்லுவீங்களா, இவ பேர எடுத்தது நாந்தான்னு?"

சொன்னேன். அன்று அந்தத் தெருவுக்கு அவளோடு நடந்து போய், டீக்கடை முன்னால் நின்று சொன்னேன். கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அதைவிட அவர்கள் சிரித்திருக்கலாம்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. ஒரு பெயர் இரண்டு இடத்தில் இருந்தால், பட்டியலை ஒரே கையில் கொடுங்கள். எங்கே வைப்பது என்று முதலில் எழுதி வாங்குங்கள். "இங்கே இருக்கிறார், நான் நேரில் பார்த்தேன்" என்று ஓர் அலுவலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவர் பேனாவைத் திறக்க வேண்டும். பூட்டிய கதவைப் பார்த்தால் அன்றைய தேதியோடு ஊரில் என்ன நடக்கிறது என்பதையும் எழுதுங்கள்: காப்பு, சந்தை, அறுவடை, மேஸ்திரி லாரி. இப்போது உங்கள் செயலி ஒரே மாதிரிப் பெயர்களைத் தானே பொறுக்கிக் கொடுக்கிறதாம். நல்லது. அது பொறுக்கியதை எத்தனை பேருக்கு அனுப்புகிறது என்று கேளுங்கள். எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. நான் போட்ட ஐம்பத்தெட்டு பட்டியலையும் அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள். மீதி ஐம்பத்தேழையும் பிறகு நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அந்த மாதிரி வேறு இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சந்தேகப்படுவதை விடச் சொல்லவில்லை. பட்டியல் வேலைக்குச் சந்தேகம் வேண்டும். சந்தேகப்படுபவர்களை வரிசையாக எழுதும்போது முதல் வரியில் உங்கள் பெயரை எழுதுங்கள், அவ்வளவுதான். என் பதினொரு குறிப்பில் என் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

தேர்தல் முடிந்து பதினெட்டாம் நாள் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஏழு பேர் விடுபட்டதற்கு யார் பொறுப்பு? வட்டாட்சியர் என் நான்கு பக்க அறிக்கையை மேசையில் எடுத்து வைத்தார்.

"இதுலயே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. அந்தம்மா வெறும் அங்கன்வாடிதானே. ஒரு மெமோவோட போயிடும். உங்களுக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம்கூட இல்லை."

ஒரு மெமோவோடு போகாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மதிப்பூதியத்தில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு வரி போதும். அறிக்கையின் நான்காம் பக்கத்தில் அந்த வரியை நானே எழுதியிருந்தேன்.

அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வேறொரு தாளில் ஒன்பது வரி எழுதினேன். இரண்டு பாகத்துக்கும் ஒரே பட்டியலை அனுப்பியது நான். திரும்பி வந்த இரண்டையும் ஒப்பிடாமல் சரி என்று ஒப்பமிட்டது நான். ஐந்து நாள் படிவம் வாங்காமல் நிறுத்தியதும் நான். இரண்டு பட்டியலின் நகலையும் இணைத்தேன். ஜெயந்தியின் பெயர் வந்தது ஓரிடத்தில்தான், அவர் தேதி தவறாமல் பதிவேடு எழுதியிருக்கிறார் என்ற வரியில்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. நான் எதிர்வாதம் எழுதவில்லை. ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் என்று உத்தரவு. உயர்வும் அதன்மேல் அகவிலைப்படியுமாக மாதம் ஆயிரத்து நானூற்று எட்டு ரூபாய், பன்னிரண்டு மாதம். நடுவில் ஒரு மாதம் சம்பளப் பட்டியலில் மூன்று ரூபாய் கூடுதலாகப் பிடித்திருந்தார்கள். கணக்குப் பிரிவுக்குப் போய்க் காட்டி அதைத் திரும்ப வாங்கிவிட்டேன். என்னிடமிருந்து போனது மொத்தம் பதினாறாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று ஆறு ரூபாய்.